மார்ச், எக்ஸ்ரே வண்டி

ஈயத் தகடு பதித்த பலகைக்குப் பின்னால் நான் நகர்வதை
நான்சல்மா பார்த்துவிட்டாள்.
"ஒன்றும் செய்யாது என்றாயே,
பிறகு நீ ஏன் ஒளிகிறாய்?"

வெளியே வரிசையில் பதினேழு பேர்.
அத்தனை பேர் காதிலும் விழுந்தது.
துந்த்கோவியில் காற்று அப்படி,
சொன்ன இடத்தில் சொல்லை விட்டுவைக்காது.

உனக்கு இன்றைக்கு ஒரு தடவை,
எனக்கு ஒரு நாளைக்கு நாற்பது என்றேன்.
ஆடு எண்ணிப் பழகியவள்;
கணக்கை ஒப்புக்கொண்டாள்,
என்னை ஒப்புக்கொள்ளவில்லை.

பயப்படுவதில் தப்பில்லை.
எதற்குப் பயப்படுவது என்பதில்தான்
இந்தச் சமவெளியில் ஒரு ஒழுங்கும் இல்லை.
சாண அடுப்பு தொடாமலே முகத்தைச் சுடுகிறது,
அதைக் கதிர் என்று யாரும் சொல்வதில்லை.
கூடார வாசலில் குழிந்த தட்டு
ஆகாயத்திலிருந்து கொரிய நாடகம் இறக்குகிறது,
அதன் நிழலில் நாய் தூங்குகிறது.

அவள் மைத்துனன் சுல்தெம்
தொலைந்த ஒட்டகத்தைத் தேடிப் பகல் முழுக்கப் பனியில் அலைந்தான்,
கறுப்புக் கண்ணாடி இல்லாமல்.
பகலில் ஒன்றுமில்லை.
ராத்திரிதான் இமைக்குள் மணலைக் கொட்டியது போல,
காலையில் வாங்கிய கடனுக்கு நடுச்சாமத்தில் வட்டி.
இரண்டு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.
கேட்டால், வெயில்தானே என்கிறான்.
வெயிலோடு எப்படிச் சண்டை பிடிப்பது?
என் பெட்டியோடு என்றால் பிடிக்கலாம்;
அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது,
பொத்தானுக்குப் பின்னால் நான் இருக்கிறேன்.

டிரைவர் கொம்போ வானொலியைத் திருகினார்.
நெட்டலையில் தலைநகர் இருமியது: நாளை மறுநாள் புயல்.
அதன் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே
ஒரு மந்தையே மேயலாம்.
அதனால் மேடு பள்ளம் பார்க்காமல் வளைந்து வந்துவிடுகிறது.
என்னுடையது,
குதிரைமயிர் ஒன்றின் தடிமனில்
நாற்பது லட்சம் அலை நிற்கும்.
சதையை அது கண்டுகொள்வதே இல்லை,
எலும்பிடம் மட்டும் கொஞ்சம் தயங்கும்.
இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே ஓட்டம்
என்பதைப் பரீட்சையில் எழுதிவிட்டேன்.
நம்ப வெகு காலம் ஆனது.

பன்னிரண்டாவது ஆள் எர்ஹெம்பயார்,
நான்சல்மாவின் மகன், வயது மூன்று, இருமல் ஆறு வாரமாக.
ஒரு நொடிகூட நிற்கமாட்டான்.
யாராவது தோளைப் பிடிக்க வேண்டும்.
அவள் வயிற்றில் ஐந்து மாசம்.
நான் வாயைத் திறக்குமுன்
அவளே போய்ப் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவளும் என்னைப் பார்க்கவில்லை.

கையுறை போன மாசமே கிழிந்துபோயிருந்தது.
ஈய அங்கியை மாட்டிக்கொண்டேன்,
எட்டுக் கிலோ, ஒரு வயதுக் குட்டியின் கனம்கூட இல்லை,
ஆனால் குட்டி அசையும்.
கொம்போவிடம் சொன்னேன்:
நான் தலையாட்டியதும் அழுத்துங்கள்.
பையன் என் மூக்கையே பார்த்தான்.
தலையாட்டினேன்.

சத்தமில்லை, வெளிச்சமில்லை, சூடில்லை.
"ஆயிற்றா?" என்றான் பையன், ஏமாந்தவனாக.

திரையில் அவன் விலாக்கள், மீன்முள் மாதிரி.
இரண்டு தோளிலும் என் விரல்கள்,
சதை இல்லாமல், மோதிரத்தோடு.
நான்சல்மா வெகுநேரம் அதையே பார்த்தாள்.
அவள் பார்க்க வேண்டியது அதுவல்ல.
இடப்பக்கம் மேலே, புகைபோல் ஒரு திட்டு.
விரலை வைத்துக் காட்டினேன்.
தொட்டுப் பார்த்தாள்; கண்ணாடிதான் இருந்தது.

குறிப்பில் எழுதினேன்:
வலது நுரையீரல் சுத்தம். இடது மேல் மடலில் நிழல்,
சளிப் பரிசோதனை தேவை.
கூடுதலாகப் பெரியவர் கைகள் இரண்டு, இயல்பு.

சட்டையில் குத்தியிருக்கும் வில்லையை
மூன்று மாசத்துக்கு ஒருதரம் தலைநகருக்கு அனுப்புவேன்.
ஒரே ஒரு எண் திரும்பி வரும்.
எது யாருக்காக என்று
பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது.

இன்னும் ஐந்து பேர் நிற்கிறார்கள்.
காற்று ஏறுகிறது.